குழிக்கு எந்த வேகம்?

தண்ணீர்ப் பம்பு செய்யும் அந்தக் கம்பெனியில் கோல்ஃப் தெரியாதவர்கள் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். விற்பனை மேலாளருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாவம், அவருக்கு ஓரளவு விளையாட வரும்.

முதலாளிக்கு அடுத்தபடியாக அங்கே இருவர். ஒருவர் முதலாளியின் தம்பி, பெரியவர் என்று பெயர். இன்னொருவர் முதலாளியின் மருமகன்; வாசல் காவலாளிவரை எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். தனக்குப் பிறகு நாற்காலி யாருக்கு என்பதில் முதலாளி பிடி கொடுக்கவே இல்லை. இந்த இருவருக்கும் எதிலுமே ஒத்துப்போகாது, அதிலும் கோல்ஃபின் கடைசி அடியில் சுத்தமாக ஒத்துப்போகாது. குழியை நெருங்கியபின் பந்தைத் தூக்கி அடிப்பதில்லை, புல்லின்மேல் உருட்டிவிடுவதுதான். எந்த வேகத்தில் உருட்டுவது என்பதில்தான் தகராறு.

"பந்து குழி வாசல்ல வந்து நின்னு, போலாமா வேண்டாமான்னு யோசிச்சு, தானா உள்ள விழணும். அதான் பக்குவம்" என்பார் பெரியவர்.

"யோசிக்கிற பந்து வெளியிலயே நின்னுடும். குழியோட பின்சுவர்ல முட்டி விழணும். அதான் துணிச்சல்" என்பார் மாப்பிள்ளை.

கம்பெனியே இரண்டுபட்டது. மெதுவாக உருட்டுகிறவன் பெரியவர் ஆள். ஓங்கி உருட்டுகிறவன் மாப்பிள்ளை ஆள். சாப்பாட்டு மேசைகள்கூடப் பிரிந்துபோயின. விளம்பரப் பிரிவுத் தலைவர் ஒருமுறை கைதவறிப் பந்தைக் குழி தாண்டி ஓடவிட்டார். மாப்பிள்ளை அவரைக் கட்டிப்பிடித்தார். அடுத்த வாரமே பெரியவர் அவருடைய விளம்பரச் செலவில் கைவைத்துவிட்டார். பம்பு எப்படி விற்றால் என்ன, பந்து உருண்ட கதையைத்தான் ஊரெல்லாம் பேசியது.

இப்போது துணைப் பொது மேலாளர் பதவி காலி. விற்பனை மேலாளருக்குக் கிடைத்தால் தலைமை அலுவலகத்திலேயே காலந்தள்ளலாம். கிடைக்காவிட்டால் தொலைதூரக் கிளைக்கு மாற்றல். பல் டாக்டரான மனைவி இங்கே, அவர் அங்கே. சனிக்கிழமை விளையாட வரச்சொல்லி பெரியவரும் மாப்பிள்ளையும் சேர்ந்தே கூப்பிட்டார்கள்.

கூடத்துக் கம்பளத்தில் ஒரு டம்ளரைக் கிடத்திவைத்து மாலைதோறும் உருட்டிப் பழகினார். மனைவி கால்களைச் சோபாமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, பந்து டம்ளருக்குள்ள போகணும், அவ்வளவுதானே?"

"உனக்குப் புரியாது. போறது முக்கியமில்ல. எப்படிப் போகுதுங்கிறதுதான் முக்கியம்."

"நான் பல்லைப் பிடுங்கினா பல்லு வெளிய வரணும். எப்படி வந்துச்சுன்னு யாரும் என்னை மெச்ச வேண்டாம்."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்: நடுத்தர வேகம். பெரியவருக்கும் மனம் நோகாது, மாப்பிள்ளையும் முகம் சுளிக்கமாட்டார். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. அதே பதவிக்குக் காத்திருந்த கிடங்கு மேலாளரும் வந்திருந்தார். மணிக்கட்டில் சுளுக்கு என்று கட்டுப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து மட்டையையே தொடவில்லை. யாராவது உருட்டப் போனால் குழியிலிருக்கும் கொடிக்கம்பைப் பிடுங்கி ஓரமாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதுதான் அவர் செய்த ஒரே வேலை.

விற்பனை மேலாளரின் முறை. குழிக்கு இந்தப் பக்கம் பெரியவர், அந்தப் பக்கம் மாப்பிள்ளை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டினார். பந்து போய்ப் பின்சுவரில் முட்டி எகிறியது, திரும்பி வந்து குழியின் விளிம்பில் நின்றது, யோசித்தது, பொத்தென்று உள்ளே விழுந்தது.

"விழுந்திருச்சு!" என்று அவர் குதித்தார். பதவி, மாற்றல் எதுவும் அந்தக் கணத்தில் அவர் நினைவில் இல்லை. எத்தனையோ வருஷம் கழித்து, பந்து விழுந்ததற்காக மட்டுமே மனிதர் சந்தோஷப்பட்டார்.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா முட்டு முட்டுது" என்று பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இவ்வளவு நாள் நம்ம ஆளுன்னு நினைச்சேன்."

"கடைசி நேரத்துல யோசிச்சிருச்சே" என்று மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினார். "துணிச்சல் பத்தல."

திங்கட்கிழமை முதலாளியின் அறையில் பெரியவரும் மாப்பிள்ளையும் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரே ஆளின் பெயரைச் சொன்னார்கள்: கிடங்கு மேலாளர். எந்தப் பக்கமும் சாயாத மனிதராம். சாயங்காலத்துக்குள் அவருடைய சுளுக்கும் சரியாகிவிட்டது.

விற்பனை மேலாளர் மாற்றல் உத்தரவோடு வீட்டுக்கு வந்தார். படித்துப் பார்த்த மனைவிக்குக் கண் கலங்கியது.

"பந்து விழுந்துச்சுன்னுதானே சொன்னீங்க?"

"விழுந்துச்சே. அதுதான் தப்பாப் போச்சு."

அவள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வைத்தாள். திரும்பி வந்தபோது டம்ளர் கம்பளத்திலேயே கிடந்தது, மட்டை மூலையில் சாய்ந்திருந்தது. அவர் தரை துடைக்கும் கம்பை எடுத்து டம்ளர் பக்கத்தில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு, விறைப்பாக நின்றார்.

"அந்தக் கிளையிலயும் ரெண்டு பேர் இருப்பாங்க" என்றார். "நேராப் பிடிச்சிருக்கேனா பாரு."