தண்ணீர் எடுத்து வரும் நேரம்

“பத்து நாள்தான், சத்தியமாச் சொல்றேன், பத்து நாள்...” “போதும், சத்தியத்தை வேற இழுக்காதீங்க...” “மெதுவாப் பேசு, கீழ கேக்கும்...” “கேக்கட்டுமே, எனக்கு என்ன வெக்கம்...” “நீ மட்டும் என்னவாம், தினம் முட்டை சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு சொன்னியே, போன வாரம் ஆஸ்பத்திரியில அந்த டயட் அம்மா ரிப்போர்ட்டைப் பாத்துட்டு என்ன கேட்டாங்க...” “முட்டையை எதுக்கு இப்ப நடுவுல கொண்டு வர்றீங்க, முட்டைக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க...” “ஏன் போடக்கூடாது, நீ சொன்னது மட்டும் என்ன...” “ஐயோ, என்னைப் பேச விடுங்களேன்...” யார் யாருக்கு வழிவிட்டார்கள் என்று தெரியவில்லை, இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடியைத் தள்ளிய சத்தத்தில்தான் நின்றது. அவள் கை இன்னும் சோப்பு நுரையோடு இருந்தது. அந்தக் கையில் விரல்நீளப் பொட்டலம் ஒன்று. துவைக்கப் போட்ட அவருடைய கால்சட்டையின் சின்னப் பையில், பேருந்துச் சில்லறை வைக்கிற அந்தப் பையில், விரலை விட்டபோது தட்டுப்பட்டது. பிரித்துப் பார்க்காமலே தெரிந்துவிட்டது யார் மடித்தது என்று. மூலைக்கு மூலை இம்மி பிசகாத மடிப்பு, ஓரம் தேய்த்து வழுவழு என்று... முப்பது வருஷமாக அச்சகத்தில் புத்தகம் கட்டுகிற கை வேறு எப்படி மடிக்கும். உள்ளே உப்பு.

அவர் கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். சரி, உட்காரட்டும். முட்டைக்கோசு நறுக்கணும், நறுக்கியதை வெந்நீரில் போடணும், கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டணும், மறுபடி தண்ணீர் விடணும், காயில் இருக்கிற சத்தெல்லாம் போன பிறகுதான் அது அவளுக்கு ஆகும். நல்லதைக் கொட்டிவிட்டுச் சக்கையைத் தின்கிற வியாதி என்று டயட் அம்மாவிடம் ஒருநாள் சொன்னதற்கு அந்த அம்மா சிரித்துவிட்டாள். கத்தி பலகையில் டக் டக் என்று விழுந்தது, இவ்வளவு வேகமாக நறுக்கத் தேவையில்லை, விரல் போய்விடும், போனால் போகட்டும்... யார் கேட்டார்கள் அன்றைக்கு? அவளா கேட்டாள்? சிறுநீரகம் கைவிட்டு, வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ணணும் என்று ஆன முதல் வாரம், உப்பு கூடாது, இது கூடாது, அது கூடாது என்று தாள் நிறைய எழுதிக் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து அவள்தானே முதலில் சொன்னாள், “எனக்குத் தனியா ஒரு சின்னப் பாத்திரத்துல வெச்சுக்கறேன், நீங்க ரெண்டு பேரும் எப்பவும் போல சாப்பிடுங்க” என்று. அதற்கு அவர் என்ன செய்தார்? எழுந்து வந்து, அலமாரியிலிருந்து உப்பு ஜாடியை எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்க் கீழ்வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்தார். வந்து, கையைத் தட்டிக்கொண்டு, பெண்ணையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னார், “இந்த வீட்ல இனிமே ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், ஒரே சாப்பாடு, கேஸும் மிச்சம், காசும் மிச்சம், உனக்கு இல்லாத உப்பு எங்களுக்கும் வேணாம்.” நாடகத்தில் ராஜா பேசுகிற மாதிரி இருந்தது. அவள் சிரித்தாள்கூட. அப்புறம் சாப்பிட உட்கார்ந்து முதல் வாய் எடுத்து வைத்தவர் மென்றார், மென்றார், தலையைக் குனிந்துகொண்டார், கண் கலங்கி ஒரு சொட்டு தட்டின் ஓரத்தில் விழுந்தது. “நல்லாத்தான் இருக்கு” என்றார். அந்த ஒரு சொட்டு... அதை வைத்துக்கொண்டுதானே இந்த எட்டு மாதமும் குடும்பம் நடத்தினாள்.

நடத்தினாள் என்றால் சும்மாவா. அச்சகத்தில் கூடுதல் நேர வேலை நின்று போனது, ஆஸ்பத்திரிக்குப் போக வர வண்டிச் செலவு வந்து சேர்ந்தது, சுருக்குவதற்கு மளிகையை விட்டால் வேறு எது இருந்தது. சந்தைக்குக் காலையில் போவதை விட்டு கடை கட்டுகிற நேரத்துக்குப் போனாள், வாடின கீரையை வாங்கினாள், கோசின் வெளி இலையைக் கடைக்காரன் பிய்த்துப் போடுவதற்கு முன்னால் “அதையும் சேர்த்தே போடுப்பா” என்றாள். “யாருக்கு, முயலுக்கா?” என்று கேட்டான் அவன், “ஆமாம், வீட்ல மூணு முயல் இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தாள். குருணை அரிசி வாங்கினாள். காப்பித்தூளில் பாதி குறைத்தாள். இதிலெல்லாம் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, எல்லாரும் சேர்ந்து இழுக்கிற வண்டி என்று ஒரு நினைப்பு, அதுவும் இறக்கத்தில் போகிற மாதிரி லேசாகத்தான் இருந்தது. முட்டைதான்... முட்டை விலை ஏறியபோது வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு என்று ஆக்கினாள். மஞ்சள் அவளுக்கு ஆகாது, அது அவர்கள் இரண்டு பேருக்கும், வெள்ளை இரண்டும் அவளுக்கு, கட்டாயம் சாப்பிடணும், மருந்து மாதிரி நினைச்சுக்கோங்க என்று டயட் அம்மா விரலை ஆட்டிச் சொன்னாள். முதல் மாதம் சாப்பிட்டாள். அப்புறம் ஒருநாள் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து புத்தகத்தை வைத்துவிட்டு அப்படியே தரையில் படுத்துத் தூங்கியதைப் பார்த்தாள், பத்தாம் வகுப்பு, வளர்கிற உடம்பு, உப்புகூட இல்லாமல் அம்மாவுக்காகத் தின்கிறது, எனக்காக அவங்க அவ்வளவு விட்டாங்க, நான் இதை விட்டா என்ன குறைஞ்சுடப் போறேன்... அன்றையிலிருந்து வெள்ளையையும் மஞ்சளோடு உதிர்த்து அவர்கள் இரண்டு பேர் காயிலும் கலந்தாள். கேட்டால், சமையல் பண்ணும்போதே சாப்பிட்டுட்டேனே என்றாள். பொய்தான். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அவளுடைய பொய்யில் அவள் வாய்க்கு என்ன போயிற்று, அவருடைய பொய்யில் அவர் வாய்க்கு என்ன போயிற்று, இதைக்கூடவா ஒரு மனுஷனுக்கு எடுத்துச் சொல்லணும்? தன் வாயிலிருந்து எடுத்து அவர் தட்டில் மறைத்து வைத்தாளே, அந்த முட்டையின் மேல்தான் அந்த உப்பு விழுந்திருக்கிறது. கத்தியைக் கீழே வைத்தாள். கோசு ஒரு மலை மாதிரி குவிந்திருந்தது, மூன்று பேருக்கு இவ்வளவு எதற்கு.

எப்போது போட்டுக்கொண்டார்? மூன்று பேரும் ஒரே மேசையில், முழங்கை இடிக்கிற மேசையில் உட்கார்ந்துதானே சாப்பிடுகிறோம், நான் எங்கே போனேன்... கேட்டு முடிப்பதற்குள்ளேயே அது வந்து எதிரில் நின்றது. தண்ணி. தட்டுகளை வைத்துவிட்டு அவள் உட்காரப் போகும்போது, ஒவ்வொரு நாளும், இரண்டு வேளையும், “கொஞ்சம் தண்ணி கொண்டா, தொண்டையை அடைக்குது.” அவளும் ஒவ்வொரு வேளையும், பாவம், உப்பில்லாத சோறு இறங்கவில்லை என்று நினைத்து எழுந்து போனாள். முன்கூட்டியே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்த நாட்களிலும் “இது வெதுவெதுன்னு இருக்கு, பானையிலேர்ந்து மோந்துட்டு வாயேன்” என்பார். மோந்தாள். அவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான், அதற்கு மேல் ஒரு மிடறு போனாலும் காலும் மூச்சும் சொல்லிவிடும், நாக்கு அட்டை மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த நாக்கோடு பானையில் சொம்பை விட்டு, தண்ணீர் களக் களக் என்று நிறைகிற சத்தத்தைக் கேட்டு, கேட்டதையே குடித்த மாதிரி வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் மடமடவென்று குடிப்பார். எனக்கும் சேர்த்து அவராவது குடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்துக்கொண்டிருந்தாளே... பெண்? பெண்ணுக்கும் தெரியும், தெரியாமல் எப்படி, அவள் பானைக்குப் போய் வருகிற அந்த நேரத்தில் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பது அதுதானே. “நல்லாதான் இருக்கும்மா, பழகிடுச்சு” என்று விரலை நக்கிக்கொண்டே சொல்லும். சின்னதிலிருந்து எதையும் முகத்தில் மறைக்கத் தெரியாத குழந்தை, ஆசிரியை திட்டினால்கூட வாசலிலேயே தெரிந்துவிடும். அதற்கு இதை யார் கற்றுக் கொடுத்தது? இப்போது அது உள்ளறையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, இவ்வளவு நேரம் ஆகிறது, ஒரு பக்கம் திருப்பின சத்தம் கேட்கவில்லை.

கொதித்த காயை வடித்தாள், ஆவி முகத்தில் அடித்தது, வாய் தன்னால் திறந்து அந்த ஈரத்தை வாங்கிக்கொண்டது. பத்து நாள் என்கிறார். பத்து நாள் என்றால் மன்னிக்கலாம், எட்டு மாதம் தாங்கிவிட்டுப் பத்து நாள் நாக்கு தடுமாறியது என்றால் அது மனுஷத்தனம்தான், வேண்டுமானால் நானே போய்க் கீழே கேட்டு வாங்கிக்கொண்டு வந்து... கீழே. அப்படியென்றால் உப்பு எங்கேயிருந்து வந்தது? அந்த ஜாடியிலிருந்துதானே? கீழ்வீட்டுக்காரி மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் “எப்படிக்கா இருக்கீங்க” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறாளே, வியாதிக்காரியைப் பார்க்கக் கஷ்டப்படுகிறாள் என்றல்லவா அவள் நினைத்தாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரிக்கு, புருஷன் வாசலோடு இறக்கிவிட்டு ஓடிவிடுகிற அந்தப் பெண்ணுக்கு, எத்தனை தடவை சொல்லியிருப்பாள், “எங்க வீட்ல மூணு பேரும் உப்பில்லாமதான் சாப்பிடறோம்” என்று. “உங்களுக்குக் கொடுப்பினை இருக்குக்கா” என்று அந்தப் பெண் ஊசி குத்தின கையைப் பார்த்துக்கொண்டே சொல்லும். நாளை மறுநாள் அதே படுக்கை, அதே முகம். என்ன சொல்வாள்?

பொட்டலம் மேடையில் கிடந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள், உப்பை மேடையிலேயே ஒரு குவியலாகத் தட்டினாள், காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு ஓரம் முழுக்கச் சிவப்பு. எண்கள், பாதியில் வெட்டின எண்கள், ஒரு ஏழின் தலை, ஒரு மூன்றின் வயிறு... நாள்காட்டி. நாள்காட்டி வேலை அச்சகத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். கடைசியாக அது வந்த வாரம் அவளுக்கு மறக்குமா? முதல் தடவை ரத்தம் சுத்தம் பண்ண ஊசி போட்டபோது அவள் தலைமாட்டில் நின்ற அவர் கையில் நகக்கண் எல்லாம் சிவப்பு மை, அவள் வலிக்கு அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான் ஜாடி கீழே போனது. அதனால் என்ன, வெட்டித் தள்ளின காகிதம் அச்சகத்தில் எத்தனை மாதம் வேண்டுமானாலும் மூலையில் கிடக்கும், பத்து நாளைக்கு முன்னால் குனிந்து ஒன்றை எடுத்திருக்கலாம், எடுக்கக்கூடாதா? கூடும். அவள் அவருக்காக அவரைவிட நன்றாக வாதாடினாள். ஆனால் மடிப்பு... மடிப்பு நைந்து துணி மாதிரி ஆகியிருந்தது. ஒரு இடத்தில் கிழிந்து, உள்பக்கம் ஒரு பட்டைக் காகிதம் வைத்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார். புத்தகத்தின் முதுகு பிய்ந்தால் எப்படி ஒட்டுவாரோ அப்படி, ஓரம் பிசிறில்லாமல், அழகாக. பத்து நாளில் இப்படி நையுமா? ஒரு நாளைக்கு இரண்டு தடவை திறந்து மூடினாலும்... அவள் விரல் அந்த ஒட்டுப்போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தது. எவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறார். அவளுடைய பழைய கைப்பை வார் பிய்ந்தபோதும் இதே மாதிரிதான் ஒட்டிக்கொடுத்தார்.

சோற்றைப் போட்டாள், கோசை வைத்தாள், மூன்று தட்டு. முட்டையை இன்றைக்கு உதிர்க்கவில்லை. வெள்ளை இரண்டும் அவள் தட்டில் முழுசாக, மஞ்சள் அவர்கள் தட்டில் ஆளுக்கு ஒன்று. பெண் வந்து உட்கார்ந்தது, அம்மா தட்டைப் பார்த்தது, அப்பா முகத்தைப் பார்த்தது, தலையைக் குனிந்துகொண்டது. அவர் வந்து நாற்காலியைச் சத்தம் வராமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாரும் தண்ணீர் கேட்கவில்லை. அவளே எழுந்து போனாள், பானையில் மோந்தாள், வழக்கத்தைவிட மெதுவாகவே மோந்தாள், பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கொண்டுவந்து வைத்தாள். மேடையில் தட்டிய உப்பை ஒரு சின்னக் கிண்ணத்தில் வழித்துக்கொண்டு வந்து மேசை நடுவில் வைத்தாள், பக்கத்தில் அந்தக் காகிதத்தை, ஒட்டுப்போட்ட பக்கம் மேலே தெரியும்படி நீவி வைத்தாள். “போட்டுக்கோங்க, இனிமே எதுக்கு ஒளிச்சு.” அவர் கை தட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் எங்கும் போகாமல் நின்றது. பெண் மட்டும், “அம்மா, நான் வேணாம்னுதான்...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் சோற்றைப் பிசைந்தது. அவள் வெள்ளையில் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள், மென்றாள், சப்பென்று ஒன்றுமில்லாமல் இருந்தது, விழுங்கினாள். கோபம்கூட இல்லை இப்போது, கோபம் எங்கேயோ காய் வடித்த தண்ணீரோடு போய்விட்டது, ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது, அதைக் கேட்காமல் இனி ஒரு வாயும் இறங்காது என்று தெரிந்தது.

“ஏங்க, அன்னைக்கு முதல் வாய் வெச்சப்ப உங்க கண்ணு கலங்குச்சே... அது என்னை நினைச்சா, இல்ல உப்பை நினைச்சா?”