பதினேழு கட்டில்

மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பைச் செருகும்போது வலது மணிக்கட்டு சுண்டி இழுக்கும். ஒரு நாளைக்குப் பதினேழு கட்டில். கட்டிலுக்கு நான்கு மூலை.

நான் அதைப் பற்றிப் புறுபுறுத்ததுதான் பாட்டாகியது. ஹோட்டலில் விரிப்பு மடிக்கும்போது, "பதினேழு கட்டில், ஒண்டிலையும் நான் படுத்ததில்லை" என்று சொன்னேன். என்னோடு துப்புரவு வேலை செய்யும் கரோலினா அதைக் கைத்தொலைபேசியில் எழுதிக்கொண்டாள். மாதா கோயிலின் ஞாயிறு தமிழ்ப் பூசையில் அவள் மேற்குரல், எங்கள் பாடகர் குழுவில் இருக்கும் வினோஜா நடுக்குரல், நான் கீழ்க்குரல். நாங்கள் மூன்று பேரும் பாடினால் ஓர்கனே தேவையில்லை என்று சுவாமியார் சொன்னார். ஓர்கன் பழுதாகிக் கிடந்த வருடம் அது.

இங்கே நோர்வேயில், ரொம்மன் என்ற இடத்தில் ஒலிப்பதிவு அறை வைத்திருக்கும் ஆன்ட்ரியாஸ் எங்களை ஒரு கிறிஸ்து பிறப்பு நத்தார்ப் பூசையில் கேட்டுவிட்டு, அல்பம் செய்வோம் என்றான். கன்ட்ரி, கொஞ்சம் போல்க்-ரொக். பாஞ்சோவும் கிற்றாரும் அவன் பாடு, குரல் எங்கள் பாடு. கன்ட்ரி என்றால் என்ன என்று கேட்டேன். உழைக்கிறவர்களின் பாட்டு என்று சொல்லிக் கை தந்தான். பஞ்சு மாதிரிக் கை.

ஆறு மாதம் செவ்வாய்க்கிழமை தவறாமல் பயிற்சிக்குப் போனேன். ஐம்பத்திரண்டு வயதில் என் குரல் ஓரிடத்தில் பதிந்து கிடக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

எட்டுப் பாட்டுக்கும் குரல் பதிய ஆன்ட்ரியாஸ் ஒரே ஒரு சனிக்கிழமை தந்தான். அன்று எனக்கு ஓய்வு, கரோலினாவுக்கு வேலை. அதற்கு முதல் நாள் அவள் தொலைபேசி எடுத்தாள்.

"ரஞ்சியக்கா, நாளைக்கு என்ரை வேலையை ஒருக்காச் செய்யுங்கோவன். மேற்குரல் இல்லாமல் ஒண்டும் பதிய ஏலாதாம்."

"அப்ப கீழ்க்குரல்?"

"அதைப் பிறகு தனியப் பதியலாமாம். அடுத்த சனி உங்கடை வேலையை நான் செய்யிறன், நீங்கள் போய்ப் பாடுங்கோ."

"மாதா அறியச் சொல்லு."

"என்னக்கா, உதுக்கும் மாதாவே?"

அவளுடைய வேலையைச் செய்தேன். அடுத்த சனி அவளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த சனி பிள்ளைக்கு நீச்சல் போட்டி. ஆன்ட்ரியாஸ் காத்திருக்கவில்லை. கரோலினாவின் குரலையே கணினியில் சுருதி இறக்கிக் கீழ்க்குரல் ஆக்கிவிட்டான்.

அல்பம் வந்தது. அட்டையில் இரண்டு பெண்கள், மூன்று அகலத் தொப்பிகள். மூன்றாவது தொப்பி ஆளில்லாத ஒரு கதிரையில் இருந்தது. எங்கள் சனம் எது செய்தாலும் நன்றியுரை இல்லாமல் முடியாது. உள்ளே நாற்பத்தொரு பெயர். "சிற்றுண்டிக்கு ரோல்ஸ் தந்துதவிய சூசைரட்ணம்" என்பவருக்கும் "வாகனம் தந்துதவிய றொனால்ட்" என்பவருக்கும் நடுவே "வேலை மாற்றித் தந்துதவிய மரியரஞ்சனி".

நோர்வேஜியப் பத்திரிகை ஒன்று நல்லபடி எழுதியிருந்தது. வினோஜா வாசித்துச் சொன்னாள்.

"அந்தக் கீழ்க்குரலிலை ஒரு வாழ்நாள் உழைப்பின்ரை களைப்பு கேக்குதாம், அக்கா."

"அது கரோலினாவின்ரை குரலல்லோ?"

"ஓம். ஆன்ட்ரியாஸ் இறக்கினவன்."

"களைப்பையும் அவனே போட்டவன்?"

"அதுக்கும் ஒரு பொத்தான் இருக்காம்."

வெளியீட்டு விழா ஸ்டோவ்னரில் ஒரு மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரம். எனக்கு வேலை. அந்தக் கிழமை கரோலினா விரிப்பு அறைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, மேடையிலை பதிஞ்சு வைச்ச பெட்டிக் குரல் சரிவராது. நீங்கள் வந்து பாடவேணும்."

"நீ தரவேண்டிய சனியைத் தா, வாறன்."

"அண்டைக்கு நானும் பாடவேணுமே."

"பின்னை?"

"வேறை ஆரையும் கேட்டுப் பாக்கிறன்."

கேட்டாள். ஹோட்டலில் இருந்த மற்ற நான்கு தமிழ்ப் பெண்களும் ஓய்வு எடுத்து, வெளியீட்டுக்கு நுழைவுச்சீட்டும் வாங்கியிருந்தார்கள். கட்டில் விரிக்கிற பெண்ணைப் பற்றிய பாட்டைக் கேட்க அவர்களுக்கு ஆசை. அன்று ஆள் குறைவு. எனக்கு இருபத்துமூன்று கட்டில்.

என் மனிசன் லோறன்ஸ் வெளியீட்டுக்குப் போய்விட்டு வந்து கதை சொன்னார்.

"கரோலினா உன்னைப் பற்றி மேடையிலை கதைச்சவள்."

"என்னெண்டு?"

"இந்தப் பாட்டின்ரை உயிர் இப்பவும் வேலையிலை நிக்குதெண்டு. சனம் எழும்பி நிண்டு கைதட்டினது."

"நீங்களும் எழும்பினியளோ?"

"எல்லாரும் எழும்பேக்கை நான் மட்டும் குந்தியிருக்கிறதே?"

"கீழ்க்குரல்?"

"பெட்டிக்குள்ளாலை வந்தது. நல்லாத்தான் இருந்தது."

கரோலினா தந்துவிட்டதாகச் சொல்லி அந்த மூன்றாவது தொப்பியை மேசையில் வைத்தார். போட்டுப் பார்த்தேன். எனக்குப் பெரிது.

திங்கட்கிழமை அவளிடமிருந்து செய்தி வந்தது. இரண்டாவது அல்பத்துக்கு ஆன்ட்ரியாஸ் ஓம் என்றுவிட்டானாம். இந்த முறை என்னைத்தான் முதலில் பதிவார்களாம். நாளைக்குப் பயிற்சி, என்னுடைய களைப்பைப் பற்றி இன்னும் ஏதாவது இருந்தால் நான் எழுதி அனுப்ப வேணுமாம்.

இடது கையால் எழுதி அனுப்பினேன்: "கரோலினா, நீ எனக்கு இன்னும் ஒரு சனிக்கிழமை வேலை கடன்."