எட்டு மணிக்குள் எடுக்க வேண்டும்

சுதந்திர தினத்தன்று காலை எட்டு மணிக்குத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலும் புத்த பன்சலையும் சர்ச்சும் ஒரே நேரத்தில் மணியடிக்க வேண்டும் என்பது தோட்டத்தை நடத்தும் துரையின் யோசனை. கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருவதாகப் பேச்சு. கோயில் மணி என் பொறுப்பு என்று தோட்டத் தொழிலாளர் தலைவர் சின்னத்தம்பி வாக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

பாழாய்ப்போன நேரம் பார்த்து, முதல் நாள் சாயந்தரம் அவருடைய தங்கை காளியாயியின் புருஷன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான்.

தொழிலாளர் லயத்து வீடுகளில் பிணம் கிடந்தால் கோயில் நடை திறக்காது, மணியும் அடிக்காது. எடுத்து, வாசலைக் கழுவிவிட்ட பிறகுதான் பூசாரி சாவியைத் தொடுவார். தோட்டத்தில் பிறந்த பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. சின்னத்தம்பி பூசாரியிடம் கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். அந்த மனுஷன் மசியவில்லை. மணி இல்லையென்று துரையிடம் போய்ச் சொல்ல இவருக்கு வாய் வருமா? பதினெட்டு வருஷத் தலைவர் அல்லவா!

காளியாயியின் ஒரே மகள் நிலக்ஷி கொழும்பில் வீட்டு வேலைக்கு இருந்தாள். இரவே புறப்பட்டவள் விடிகாலையில் ஹட்டனிலிருந்து போன் எடுத்தாள். லீவு நாள், பொகவந்தலாவை பஸ் இன்னும் வரவில்லை, எப்படியும் எட்டரைக்குள் வந்துவிடுவேன், அப்பா முகத்தைப் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள் என்று அழுதாள்.

ஆறு மணிக்குச் சின்னத்தம்பி தங்கை முன்னால் குந்தினார். பஸ்ஸை நம்ப முடியாது, மழை வரப்போகிறது, உடம்பு தாங்காது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்தார். வெளியே புல்லெல்லாம் பனி பூத்துக் கிடந்தது. அந்தக் குளிரில் மறுநாள் வரைக்கும் தாங்கும் என்று அவருக்கே தெரியும்.

"புள்ள வந்து கேட்டா நா என்னண்ணே சொல்லுவேன்?" என்றாள் காளியாயி.

"நா சொல்லிக்கிறேன்."

அண்ணனை மறுத்துப் பேசிப் பழகாதவள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். ஏழு மணிக்கு எடுத்தார்கள். தப்படிக்கிறவர்கள்கூட ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். ஏழரைக்கெல்லாம் மண் தள்ளியாயிற்று. இங்கே லயத்து வாசலையும் கழுவிவிட்டார்கள்.

குளித்து, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு சின்னத்தம்பி கோயிலுக்கு ஓடினார். தீட்டுக்காரர் என்பதால் வெளியிலேயே நின்றார். எட்டு மணிக்குப் பூசாரி மணியடித்தார். பெரிய ஆட்கள் ஒருத்தரும் வரவில்லை. துரை தன் போனில் படம் பிடித்தார், "ஹொந்தாய்" என்று சிங்களத்தில் மெச்சி இவர் தோளைத் தட்டினார், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். இந்த ஒரு தட்டுக்குத்தான் இத்தனையும்.

எட்டு இருபதுக்கு நிலக்ஷி பாதையேறி வந்தாள். அழுகை இல்லை, அவசரமும் இல்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக வந்தாள். சின்னத்தம்பி எதிரே போனார். மழை, பஸ், உடம்பு என்று மனசுக்குள் அடுக்கி வைத்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டார்.

"கண்ணு, நாந்தான்..." என்று ஆரம்பித்தார்.

"பாலத்தடியில எறங்கி ஓடித்தான் வந்தேன் மாமா," என்றாள். "நம்ம கோயில் மணி கேட்டிச்சு. பெறகு எதுக்கு ஓடுறதுன்னு நடந்து வந்தேன்."