ஸ்பிட்ஃபயருக்குக் கைதட்டல்

டென்மார்க்கின் விபோர்க் நகர முதியோர் இல்லத்தில் இருந்த அலேனாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு அடியோடு போய்விட்டது. மிஞ்சியது 'யா' என்ற ஒரே சொல், டேனிஷ் மொழியில் ஆம் என்று அர்த்தம். நல்ல வேளை, அதற்கு முன்பே தன்னைப் பராமரிக்கும் விமலராணியிடம் அவள் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள்: அப்பாவின் கதையை யாராவது பாதியில் முடித்தால், மீதியை நீ சொல்ல வேண்டும்.

அப்பா செக்கோஸ்லோவாக்கிய விமானி. ஜெர்மனி நாட்டை விழுங்கியதும் தப்பியோடி, இங்கிலாந்துப் படையில் சேர்ந்து ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டியவர். போர் முடிந்ததும் பதக்கங்களோடு ஊர் திரும்பினார். கொஞ்ச நாளில் ஆட்சி கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியது. 'நீ மேற்கத்தியரின் ஆள்' என்று சொல்லி உள்ளே தள்ளினார்கள்.

இந்தக் கதை விமலராணிக்குப் புதிதல்ல. 'சண்டை முடிஞ்சுதுதானே' என்று நம்பி இலங்கைக்கு, மன்னாருக்குத் திரும்பிப் போனவன் அவள் அண்ணன் அந்தோனிமுத்து. அவனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் அவன் எங்கே என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விமானக் கண்காட்சி. புல்வெளியில் ஒரு பழைய ஸ்பிட்ஃபயர், புது மாப்பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றது. விமானியின் மகள் என்று அலேனாவைச் சக்கர நாற்காலியோடு முன்வரிசையில் வைத்தார்கள். அமைப்பாளர் மைக்கில் உருகினார்.

"அந்த வீரர்கள் வெற்றியோடு வீடு திரும்பினார்கள்!"

அத்தோடு கதையை முடித்துவிட்டார். எவ்வளவு வசதியான முடிவு!

அலேனா விமலராணியின் கையை இறுக்கிப் பிடித்தாள். விமலராணி எழுந்து போய் மைக்கை வாங்கி டேனிஷில் தொடங்கினாள்.

"திரும்பிப் போனவரை அவருடைய நாடே சிறையில் போட்டது. விமானிகள் ஓட்டிவந்த ஸ்பிட்ஃபயர்களை வெளிநாட்டுக்கு விற்றது. விமானம் நாட்டைவிட்டுப் போகலாம், ஓட்டியவன் போகக்கூடாது..."

அமைப்பாளரின் முகம் சுண்டியது. ஆனாலும் சிரித்தபடியே விமானத்தின் பக்கம் கையைக் காட்டினார். எஞ்சின் உறுமியது. சனம் முழுக்கக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியது.

விமலராணிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இனி டேனிஷ் எங்கே வரும்? தமிழில்தான் கத்தினாள்.

"சண்டை முடிஞ்சுது, பயப்பிடாமல் வாங்கோ எண்டவை! நம்பிப் போனவரை விழுங்கிப்போட்டு இப்ப கதைக்காமல் இருக்கினம்! என்ர அண்ணை எங்கையடா?"

அந்த இரைச்சலில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாத அலேனா மட்டும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிய, "யா, யா" என்று தலையாட்டினாள்.

எஞ்சின் நின்றது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், விமானத்துக்கு.