ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்

இஞ்சின் எண்ணெயின் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தான். நுனியில் ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒட்டியிருக்கவில்லை. அப்படி இருக்க வழியே இல்லை என்று தோன்றியதால் இன்னொரு முறை துடைத்துவிட்டுப் பார்த்தான். கம்பி குளித்துவிட்டு வந்ததுபோல் சுத்தமாக இருந்தது. சர்வீஸ் சென்டரின் இரைச்சலுக்கு நடுவில், காரின் மறுபக்கம் அவன் மனைவியின் அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்ன தம்பி, இருக்கா?"

"கொஞ்சம் கம்மியா இருக்குக்கா."

"கொஞ்சமா? போன தடவை நீங்கதானே ஊத்துனீங்க. கீழ ஒழுகுதான்னு கார் நிக்கிற இடத்துல அட்டையை விரிச்சு வச்சுப் பாத்துட்டேன். அட்டை அப்படியே புதுசா இருக்கு. பின்னாடி புகையும் வரல. அப்ப யாருதான் குடிக்கிறா, நீங்களா நானா?"

பக்கத்து வண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் குனிந்தபடியே சிரித்தார். அவனுக்கும் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

அந்தக் காரை அவள் வாங்கியதே அவன் பேச்சைக் கேட்டுத்தான். அக்கா பிசியோதெரபிஸ்ட். இடுப்பு எலும்பு உடைந்தவர்கள், பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர்கள், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பவள். விவாகரத்துக்குப் பிறகு தனியாக ஒரு சிறிய வீட்டுக்கு வந்தவள், ரப்பர் பட்டைகளும் தசைக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன இயந்திரமும் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து மாறிப் பேருந்து ஏறிக்கொண்டிருந்தாள். பழைய கார் ஒன்றை விலை பேசி வைத்திருந்த சமயத்தில்தான் அவன் குறுக்கே புகுந்தான். "பழசு வாங்குனா தினமும் பயந்துக்கிட்டே ஓட்டணும்கா. புதுசே வாங்குங்க. வாரண்டி இருக்கு. அதுக்கு மேல நான் இருக்கேன்." கடைசி இரண்டு வார்த்தைகளைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னான். கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் அட்வைசர் வேலையில் இருப்பவனுக்குக் குடும்பத்துக்குள் கெத்து காட்டக் கிடைக்கும் வாய்ப்புகள் குறைவு. ஓட ஆரம்பித்துச் சில மாதங்கள் கார் குறை சொல்ல முடியாதபடி ஓடியது. பிறகு ஒருநாள் மேம்பாலத்தின் உச்சியில், பின்னால் லாரிகள் வரிசைகட்டி வர, டாஷ்போர்டில் எண்ணெய்க் குவளைப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா காரை ஓரம் கட்டவும் இடமில்லாமல், நிறுத்தினால் இடிப்பார்கள், ஓட்டினால் இஞ்சின் போகும் என்ற நிலையில் அழுதுகொண்டே பாலத்திலிருந்து இறங்கியிருக்கிறாள். அழுததை அவனிடம் சொல்லவில்லை. தங்கையிடம் சொன்னாள்.

எண்ணெய் இப்படிக் குறைந்து வருவது இன்று மூன்றாவது முறை. அவன் எண்ணெய் ஊற்றி மூடியைத் திருகினான். வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தான்.

"அக்கா, கம்பெனி கணக்குப்படி ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரைக்கும் குறையலாம். அதுவரைக்கும் நார்மல்தான்."

"ஒரு லிட்டரா? இஞ்சினுக்குள்ள மொத்தம் எவ்வளவு இருக்கும்?"

"மூணரை."

"அப்ப நான் மாசத்துக்கு ஒரு தடவை மேம்பாலத்துல நின்னு அழணும். அது நார்மல்."

அவன் கையைத் துடைத்தான். இந்த வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான். கத்தியவர்கள் உண்டு, வழக்குப் போடுவேன் என்று கிளம்பியவர்கள் உண்டு. யாரிடமும் சொல்லிவிட்டு இப்படிக் கூசிப்போனதில்லை. அவர்களில் யாரும் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்காருகிறவர்கள் இல்லை.

"ஒரு டெஸ்ட் இருக்குக்கா. ஃபுல்லா நிரப்பி, மூடி, டிப்ஸ்டிக், கீழ எண்ணெய் வடிக்கிற நட்டு எல்லாத்துக்கும் சீல் வச்சுக் குடுப்போம். ஆயிரம் ஓட்டிட்டு வாங்க. யாரும் கை வைக்கலன்னு சீலே சொல்லும். ஒரு லிட்டருக்கு மேல குறைஞ்சிருந்தா இஞ்சினைக் கழட்டிப் பாக்கணும்னு கம்பெனிக்கு எழுதலாம்."

"நானே திருடி விக்கிறேன்னு நினைக்கிறாங்களா?" என்றாள் அக்கா. ஆனால் சாவியை நீட்டினாள்.

வீட்டில் அவன் மனைவி கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மடிக்கும் வேகத்திலேயே அக்கா போன் பண்ணிவிட்டாள் என்று தெரிந்துவிட்டது.

"என்னங்க, நிஜத்தைச் சொல்லுங்க. வண்டி கெட்டுப் போயிருக்கா, இல்லையா?"

"தெரியல."

"உங்களுக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்குமே தெரியலம்மா. அதான் பிரச்சினை."

"மேனேஜர் சொல்லிக் குடுத்ததை வீட்லயும் வந்து சொல்லாதீங்க."

தெரியவில்லை என்பது உண்மைதான் என்று எப்படி நிரூபிப்பது என்று அவனுக்கு விளங்கவில்லை. தெரிந்ததை மறைப்பவனும் இதே வார்த்தையைத்தான் சொல்வான், இதே முகத்தோடுதான் சொல்வான். பயிற்சியில் படித்ததை எல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வால்வு சீல் போயிருக்கலாம். புது இஞ்சின் என்பதால் இன்னும் பழகாமல் இருக்கலாம், ஓடி ஓடித் தானாகச் சரியாகலாம். வேகமாக ஓட்டினால் எண்ணெய் குறையும் என்று பாடத்தில் இருந்தது. அடுத்த வரியிலேயே, நெரிசலில் மெதுவாக ஊர்ந்தாலும் குறையும் என்று இருந்தது. அப்படியானால் எப்படித்தான் ஓட்டுவது என்று அன்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. இப்போது கேட்கலாம் போலிருந்தது. யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

ஆயிரம் கிலோமீட்டர் முடிய இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தபோது அக்காவே கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை ஹைவேல ஒரு சுத்து போயிட்டு வரலாம் தம்பி. நீங்களும் பக்கத்துல உக்காந்து பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

போனார்கள். அக்கா நன்றாக ஓட்டினாள். நோயாளியின் முழங்காலை மடக்குபவளுக்குரிய நிதானம் கியர் மாற்றும் கையில் இருந்தது. அவன் வானொலியை அணைத்துவிட்டு இஞ்சினைக் கேட்டான். கண்ணாடியை இறக்கி மோந்து பார்த்தான். சரிவில் அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தியபோது உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தான். எண்ணெய் எரிந்தால் புகை நீலமாக வரும். சைலன்சர் பக்கம் லேசாக நீலமாக ஏதோ கலைந்தது. புகையா, வெயிலில் எழுந்த புழுதியா, கண்ணாடியின் சாயமா? "திரும்பி அந்தச் சரிவுக்குப் போலாம்கா" என்றான். திரும்பி வந்து இரண்டு முறை இறங்கினார்கள். ஒன்றும் வரவில்லை. மூன்றாவது முறை வந்த மாதிரி இருந்தது. அவன் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

அக்கா ஒரு மர நிழலில் காரை நிறுத்தி, பின்சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, அவனை முன்பக்கம் பார்த்து உட்காரச் சொல்லி, பின்னங்கழுத்தில் இரண்டு விரல்களை வைத்து அழுத்தினாள். வலி உச்சிக்கு ஏறி இறங்கியது.

"அவரோட இருந்தப்பவும் இப்படித்தான் தம்பி," என்றாள் அவன் பின்னாலிருந்து. அவள் தன் முன்னாள் கணவனைப் பற்றி அவனிடம் பேசியதே இல்லை. "ஏதோ சரியில்லன்னு எனக்குத் தெரியும். கேட்டா, 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் மனசு சரியில்ல'ம்பார். கோவமாக்கூடச் சொல்ல மாட்டார். சிரிச்சுக்கிட்டே சொல்வார். கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கண்ணு முன்னாடி நடந்ததை நான் பாத்தேனா, நினைச்சுக்கிட்டேனான்னு."

அவன் கழுத்தைத் திருப்பப் போனான். "ஆட்டாதீங்க" என்று விரலை வேறு இடத்துக்கு மாற்றினாள்.

"இஞ்சினை மாத்திக் குடுங்கன்னு உங்க உசுரை வாங்க மாட்டேன். உங்க வேலை எனக்குப் புரியுது. ஆனா அந்த நார்மலை மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க."

சோதனை முடிவு பார்க்கும் நாள் காலையில் மேனேஜரே வந்து நின்றார். மேனேஜர் கெட்டவர் இல்லை. அனுப்புகிற ஒவ்வொரு வாரண்டி கோரிக்கைக்கும் மேலிடத்தில் பதில் சொல்லியாக வேண்டிய மனிதர், அதனால் எப்போதும் அஜீரணம் பிடித்தவர்போலவே இருப்பார். காரைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார்கள். சீல்கள் அப்படியே இருந்தன. அவன் அவற்றை வெட்டி, ஒரு லிட்டர் அளவு குவளையில் எண்ணெயை நிரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். ஊற்றி, எண்ணெய் இறங்கும்வரை பொறுத்து, கம்பியை எடுத்துப் பார்த்து, மறுபடி ஊற்றினான். குவளையில் அடிமட்டத்தில் ஒரு விரல் அளவு மீதி இருந்தபோது கம்பியை எடுத்தான். எண்ணெய் முழு அளவைக் காட்டும் மேல் கோட்டைத் தொட்டிருந்தது.

"தொட்டாச்சு," என்றார் மேனேஜர். "ஒரு லிட்டருக்குள்ளதான். எழுதிக்கோ."

அவன் கம்பியைத் திருப்பினான். மறுபக்கத்தில் எண்ணெய் கோட்டுக்குக் கீழேயே நின்றிருந்தது. அந்தப் பக்கத்தை நம்பினால் குவளையில் இருப்பதையும் ஊற்றி, அதற்கு மேலும் ஊற்ற வேண்டும்; குறைந்தது ஒரு லிட்டரைத் தாண்டிவிடும். துடைத்துவிட்டு மறுபடி எடுத்தான். அதே மாதிரிதான். எத்தனை வருஷமாக இந்தக் கம்பியைப் பார்க்கிறான், எந்தப் பக்கத்தைப் பார்த்து வந்தான் என்று யோசித்தான். கைக்கு எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கம்.

அக்கா கையை நீட்டினாள். கொடுத்தான். அவள் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இந்தப் பக்கம் ஒண்ணு சொல்லுது, அந்தப் பக்கம் ஒண்ணு சொல்லுது."

"எல்லா வண்டியிலயும் அப்படித்தான் மேடம். குழாய் ஓரத்துல உரசிக்கிட்டு வரும்ல," என்ற மேனேஜர் அவன் முதுகில் தட்டினார். "சொல்லுப்பா. உங்க வீட்டு ஆளுதானே. நீ சொன்னா நம்புவாங்க."

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். மேனேஜர் சொல்வது பொய்யில்லை. கம்பி உரசும், ஒரு பக்கம் ஏறித்தான் வரும். ஆனால் அக்காவின் இஞ்சினில் எண்ணெய் குறைகிறது என்பதும் பொய்யில்லை. எந்தப் பக்கம் சேருவது என்பதைவிட, தான் பார்த்தது என்ன என்பதே அவனுக்குக் குழம்பியிருந்தது. இடது காதுக்குள் யாரோ விசில் அடிப்பதுபோல் இருந்தது. "நார்மல்" என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது.

"எனக்குத் தெரியல சார்," என்றான். "நார்மல்னு சொல்ற அளவுக்கு எனக்குத் தெரியல. கெட்டுப்போச்சுன்னு சொல்லவும் தெரியல. ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அப்படியே அனுப்பிடுறேன்."

மேனேஜரின் கை அவன் முதுகிலிருந்து இறங்கியது. "தெரியலன்னு சொல்றதுக்கா உன்னை வச்சிருக்கு?" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு பல நாட்கள் அவனிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் வரவேற்பறைப் பெண் வழியாகச் சொல்லி அனுப்பினார். அவன் மனைவியோ விஷயத்தைக் கேட்டுவிட்டு நம்ப முடியாமல் பார்த்தாள். "மேனேஜர் முன்னாடியே தெரியலன்னா சொன்னீங்க? இதுக்கு அவர் சொன்னதையே சொல்லியிருக்கலாம்," என்றாள். சற்று நேரம் கழித்து, "அக்கா ஒண்ணும் கோவப்படல," என்றும் சொன்னாள். அதைப் பாராட்டாகச் சொன்னாளா, அதிசயமாகச் சொன்னாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவராததால் மீண்டும் நிரப்பி, சீல் வைத்து, இன்னொரு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டச் சொல்லியிருந்தார்கள். வாரண்டி முடிவதற்குள் அது முடியுமா என்பதைப் பற்றி எதுவும் இல்லை. அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னான். அவள் "சரி, ஓட்டுவோம்" என்று மட்டும் சொன்னாள்.

மதிய நேரம், கூட்டமில்லாத பொழுதில் வந்தாள். சீல் எல்லாம் புதிதாக வைத்துவிட்டு, கசிவு எதுவும் இல்லையே என்று பார்ப்பதற்காக அவன் இஞ்சினைக் கிளப்பச் சொன்னான். கிளப்பிவிட்டு இறங்கி வந்தவள், திறந்திருந்த பானெட்டுக்கு அந்தப் பக்கம் நின்று தலையைச் சாய்த்தாள்.

"தம்பி, உள்ள ஒரு சத்தம் கேக்குதே. டிக் டிக்னு."

"எங்க?"

"இதோ. இப்ப நின்னுடுச்சு. இருங்க, வரும்."

அவன் இந்தப் பக்கமிருந்து குனிந்தான். பெல்ட் சுழலும் ஓசை, விசிறி, பெட்ரோல் தெளிக்கும் மெல்லிய படபடப்பு எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருப்பதுபோலவும் இருந்தது. "கேக்குதா?" என்றாள். "இருங்க," என்றான். இருவரும் இன்னும் கொஞ்சம் குனிந்தார்கள். சூடேறிய இஞ்சினிலிருந்து அனல் எழும்பிக்கொண்டிருந்தது. அந்த அனலுக்கு அப்பால், கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் முகம், தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் மெல்ல நெளிந்து நெளிந்து அசைந்தது.