தொண்ணூற்றொரு சதவீதம் காப்பி

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். தண்டலம் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் எலெக்ட்ரிகல் பாடம் எடுக்கும் ஷெர்லினுக்கு அந்தப் பூசாரி ஒரு சாஃப்ட்வேராக வந்து வாய்த்தது.

மோட்டார் ஸ்டார்ட்டருக்கு வயரிங் செய்வது எப்படி என்று அவள் ஒரு பாடம் எழுதியிருந்தாள். படம் போட்டு, பேசுகிற தமிழில். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி நாலைந்து வருடத்துக்கு முன்பே நெட்டில் போட்டுவிட்டாள். ஐ.டி.ஐ. வாத்தியார்கள் எடுத்தார்கள். ஒரகடம் கம்பெனிகளில் டிரெயினிங் கொடுப்பவர்கள் எடுத்தார்கள். அதில் அவளுக்குக் கொள்ளை சந்தோஷம். ஒரே குறை, அவளுடைய சொந்த மாணவர்கள் லேபில் அதைப் பார்க்க முடியாது. அங்கே கம்ப்யூட்டரில் பல்கலைக்கழகப் பக்கத்தைத் தவிர வேறெதுவும் திறக்காது. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

அதனால், 'திறந்த கல்வி வளம்' என்று பல்கலைக்கழகமே ஒரு பக்கம் தொடங்கி, ஆசிரியர்கள் பாடம் கொடுக்கலாம் என்றதும் முதல் ஆளாக ஓடிப்போய்க் கொடுத்தாள். போன வேகத்தில் திரும்பி வந்தது. தொண்ணூற்றொரு சதவீதம் காப்பியாம்.

அந்தப் பக்கத்தைக் கவனிக்கும் இளம்பரிதியிடம் போனாள்.

"சார், அது நான் எழுதினது. என்கிட்ட இருந்துதான் எல்லாரும் எடுத்தாங்க."

"எனக்குத் தெரியும் மேடம். சாஃப்ட்வேருக்குத் தெரியாதே. பத்து சதவீதத்தைத் தாண்டுனா அப்லோடே ஆகாது. நெட்ல இருக்கிறதையெல்லாம் எடுத்துடச் சொல்லுங்க."

"எடுத்துக்கோங்கன்னு கொடுத்துட்டு, இப்போ ஊர் ஊராப் போய்த் திருப்பிக் குடுன்னு கேக்கவா?"

"அப்போ வார்த்தையை மாத்துங்க. லேப் ஆரம்பிக்கறதுக்குள்ள வரணும்னா வேற வழி இல்ல."

அவர் கெட்ட மனுஷன் இல்லை. டீ கூட வாங்கிக் கொடுத்தார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல், திட்டக்கூட ஆள் கிடைக்கவில்லை. டீனிடம் போனால், "சொந்தச் சரக்கையே ஏம்மா காப்பி அடிக்கறீங்க?" என்று கேட்டார். ஷெர்லினுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'கரண்ட் போகும்' என்பது 'மின்னோட்டம் பாய்வுறும்' ஆனது. 'ஸ்க்ரூவை நல்லா இறுக்கு' என்பது 'திருகாணியைப் போதிய விசையுடன் பிணைத்திடுக' ஆனது. எழுதும்போதே கை கூசியது. ஒரு வரியை மட்டும் தொடாமல் விட்டுப் பார்த்தாள்: 'மெயினை ஆஃப் பண்ணாம கை வைக்காதே.' பாடத்தை எடுத்தவர்கள் எதை எதையோ மாற்றினாலும் அந்த வரியை யாரும் மாற்றவில்லை. நெட்டில் திரும்பிய பக்கமெல்லாம் அது இருந்தது. சாஃப்ட்வேர் பதினொன்று காட்டியது. வேறு வழியில்லாமல், 'மின்வழங்கல் துண்டிப்பிற்குப் பின்னரே முனையங்கள் தொடத்தக்கன' என்று எழுதினாள். உடனே ஏற்றுக்கொண்டது. விழா வைத்து அவளுக்கு ஒரு கேடயமும் கொடுத்தார்கள்.

லேப் தொடங்கிய அன்று மெயினைப் பற்றி அவளே வாயால் சொன்னாள். ஆனால் மோட்டார் ஓடாத கடுப்பில் அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதற்காகத்தான் பழைய பாடத்தில், மோட்டார் ஓடாவிட்டால் என்ன பார்ப்பது என்று வரும் இடத்திலேயே அந்த வரியை வைத்திருந்தாள். வல்லக்கோட்டையிலிருந்து வரும் மாணவி தென்றலுக்கு மோட்டார் ஓடவில்லை. திரையைப் பார்த்தாள், உதடு அசையப் படித்தாள், லூசான வயரைப் பிடிக்கக் கையை நீட்டினாள். பேனலில் கரண்ட் இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த மேஜையிலிருந்து ஷெர்லின் தொண்டை கிழியக் கத்தினாள்.

"மெயினை ஆஃப் பண்ணாம கை வைக்காதே!"

தென்றல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். லேப் முழுக்க ஸ்தம்பித்து நின்றது. ஷெர்லின் ஓடிவந்து மெயினை அணைத்தாள்.

"படிச்சிகினேதான் மேடம் செஞ்சேன்," என்றாள் தென்றல், அழாக்குறையாக. "தொடத்தக்கனன்னு போட்டுகீது. தொடலாம்னு நெனச்சேன்."

ஷெர்லின் திரையில் இருந்த அந்த வரியைப் பார்த்தாள்.

"இப்போ கத்துனீங்களே மேடம், அதையே போட்டிருக்கலாம்ல?"

அது காப்பி என்று எந்த வாயால் சொல்வாள்?