ஏற்றத்தில் நின்ற லேண்ட்மாஸ்டர்

மாமல்லபுரத்தில் கிஃபாயத்துல்லாவின் பச்சை நிற லேண்ட்மாஸ்டர் காரைத் தெரியாதவர்கள் குறைவு. சிற்பப் பட்டறைகளின் கல்தூசி எல்லாவற்றின் மேலும் படியும் அந்தத் தெருவில், அது மட்டும் எந்நேரமும் துடைத்துவிட்ட மினுக்கோடு நிற்கும். ஐம்பதுகளின் கடைசியில் செங்கல்பட்டில் டாக்ஸியாக ஓடிய வண்டி. அப்புறம் ஒரு நெல் மண்டியின் பின்கட்டில் கோழிகள் முட்டையிடும் இடமாகப் பல வருஷம் கிடந்தது. தொண்ணூற்றிரண்டில் அதை அவர் லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, கதவைத் திறந்தால் தரை இல்லை. நேராக மண் தெரிந்தது.

ஐந்து வருஷம் பிடித்தது. பகலில் ஓட்டல்களுக்கு வேன் ஓட்டிவிட்டு, சாயங்காலங்களில் அவர் இதன் அடியில் படுத்துக் கிடந்தார். புதுப்பேட்டையில் பழைய அம்பாசடர் சாமான்களைப் பொறுக்கி எடுத்து, அரம் போட்டுத் தேய்த்துப் பொருத்தினார். டிங்கரிங் வேலைக்கு மட்டும் வெளியாள் வந்தார். சீட்டுக்கு மெத்தை தைத்தது அவர் மனைவி சைனம்பு. ஜாக்கெட் தைக்கிற மெஷினில் கனத்த ரெக்சினை வைத்து மிதித்ததில் எத்தனையோ ஊசிகள் முறிந்தன. வண்டி முதல்முறை உயிர் பிடித்து உறுமிய அன்று, அவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தார். பானெட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது சைனம்புதான்.

பழைய டாக்ஸிப் பதிவையே புதுப்பித்து அவர் ஓட்ட ஆரம்பித்தார். வெளிநாட்டுக்காரர்கள் திருக்கழுக்குன்றம் போக அதைத்தான் கேட்டார்கள். கல்யாண ஊர்வலங்களுக்கு ஊரப்பாக்கத்திலிருந்துகூட ஆள் வந்தது. வாடகை வண்டி என்பதால் வருஷம் தவறாமல் செங்கல்பட்டுச் சோதனை மைதானத்தில் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். அந்த நாள் அவர்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரு பெருநாள் மாதிரி. இவ்வளவு பழைய வண்டி முதல் தடவையிலேயே தேறி வருவதில் கிஃபாயத்துல்லாவுக்கு அப்படியொரு பெருமை. திரும்பும்போது பஜாரில் நிறுத்தி இரண்டு பேரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள்.

இரண்டாயிரத்தில் சர்க்கரை அவர் கண்களைப் பிடித்துக்கொண்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது; வலது கண்ணும் மங்கியது. யாரும் சொல்வதற்கு முன்னால் அவரே சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, இனிமேல் ஓட்ட மாட்டேன் என்றார். அவருடைய அக்கா மகன் அஃப்தாப் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். அவன்தான் லேண்ட்மாஸ்டரையும் எடுப்பான் என்று தெருவே பேசிக்கொண்டது. ஆனால் சைனம்புவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே லைசென்ஸ் இருந்தது. வேடிக்கையாகக் கற்றுக்கொண்டது போலத்தான் அப்போது எல்லாருக்கும் தோன்றியது. அவள் டாக்ஸி ஓட்டுவதற்கான பேட்ஜுக்கு எழுதிப்போட்டு வாங்கி, புடவைமேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, சாவியை ஆணியிலிருந்து எடுத்தாள். கிஃபாயத்துல்லா தடுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு சவாரிக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டார். அவள் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் காலும் தரையை மிதித்தது.

மறு வருஷம் எஃப்.சி. நாள் வந்தது. நான் கொண்டு போகிறேன் மாமி, அங்கே லாரிக்காரர்கள் கூட்டம் என்று அஃப்தாப் சொன்னான். சைனம்பு கேட்கவில்லை. முதல் நாள் முழுக்க அவளும் கணவரும் வண்டியைக் கழுவி, விளக்கு, ஹாரன், வைப்பர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள்.

செங்கல்பட்டில் வரிசை நீளமாக இருந்தது. முன்னால் மணல் லாரி, பின்னால் ஷேர் ஆட்டோக்கள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் லக்ஷ்மிநாராயணன் கையில் ஒரு டார்ச்சோடு வந்தார். டிரைவர் யார் என்று கேட்டார். நான்தான் என்றாள் சைனம்பு. அவர் பேட்ஜைப் பார்த்தார், லைசென்ஸைப் பார்த்தார், அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் வண்டியைச் சுற்றி வந்தார். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அடியில் குனிந்து பார்த்தார். சேஸிஸ் எண்ணை விரலால் தடவிப் படித்தார். துருவில்லாத கதவுக் கீல்களைப் பார்த்து, இவ்வளவு வயசான வண்டியை இத்தனை சுத்தமாகப் பார்த்ததில்லை என்று மெதுவாகச் சொன்னார். பின்சீட்டில் இருந்த கிஃபாயத்துல்லாவின் முகம் மலர்ந்தது.

பிறகு இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் ஏறிக்கொண்டு, மைதானத்துக்கு வெளியே இருந்த சாலை ஏற்றத்துக்கு ஓட்டச் சொன்னார். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கால் பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொன்னார்.

அவள் எடுத்தாள். வண்டி ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்றது. பிறகு மெல்லப் பின்னால் உருண்டது. அவள் சட்டென்று காலை வைத்து நிறுத்தினாள். மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் உருண்டது. சாலையோரம் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்களில் ஒருவர் சிரித்தார். பொம்பள ஓட்டினால் வண்டிக்கும் நிற்கத் தெரியாது போல என்று இன்னொருவர் சொன்னது காரின் உள்ளே தெளிவாகக் கேட்டது.

"வண்டி அழகா இருக்கும்மா," என்றார் லக்ஷ்மிநாராயணன். "ஆனா நிக்கல. நிக்காத வண்டிக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. சரி பண்ணி எடுத்துட்டு வாங்க, வியாழக்கிழமை நான் இருப்பேன்."

வரும் வழியில் பிரியாணி இல்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கிஃபாயத்துல்லா வாய் திறந்தார். ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்தாயா என்று கேட்டார். லாரிக்காரர் சொன்னதைவிட இது சைனம்புவுக்கு அதிகம் வலித்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இருந்த வசுமதி, அணுசக்தி ஆராய்ச்சி மையத்தில் இன்ஜினியர். அவர் மகளுக்கு அந்த வெள்ளிக்கிழமை கல்யாணம். தாலி கட்டியதும் மாலையும் கழுத்துமாகத் திருவிடந்தை பெருமாள் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது வேண்டுதல். அதற்கு லேண்ட்மாஸ்டரைத்தான் கேட்டு மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்.

அஃப்தாப் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இன்னா மாமி இதுக்குப் போய் பேஜார் ஆவுற. பூ சுத்தின கல்யாண வண்டிய எவன் நிறுத்தி எஃப்.சி. கேக்கப் போறான்? ஓட்டினு போய் வா, அப்பால பாத்துக்கலாம்."

"பொண்ணு மாப்பிள்ளய ஏத்தினு, நிக்காத வண்டிய நான் ஓட்ட மாட்டேன்," என்றாள் சைனம்பு.

அன்று சாயங்காலமே பஸ் ஏறிக் கல்பாக்கம் போனாள். கல்யாண வீட்டில் பலகார வாசனை தெருவரை வந்தது. வசுமதியைத் தனியாகக் கூப்பிட்டு, வண்டி எஃப்.சி.யில் தேறவில்லை, வேறு கார் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம் என்று நேராகச் சொன்னாள். வசுமதி என்ன கோளாறு என்று கேட்டார். சைனம்பு விளக்கினாள்.

"எங்க பிளான்ட்ல ஒரு வால்வு ஒழுங்கா மூடலேன்னாகூட, செக் பண்ணி ஒருத்தர் கையெழுத்துப் போடுற வரைக்கும் எதையும் ஓட்ட மாட்டோம்," என்றார். "நீங்க வந்து சொன்னது சரி. வியாழன் சாயங்காலம் வரைக்கும் நான் வேற வண்டி சொல்லல. முடியலேன்னா ஒரு போன் மட்டும் பண்ணுங்க."

மறுநாள் காலையில் கிஃபாயத்துல்லா ஹேண்ட் பிரேக் கேபிள்தான் தளர்ந்துவிட்டது என்றார். மாமல்லபுரத்துச் சமதரையில் வண்டி நிற்பதற்கு அதை யாரும் பெரிதாக இழுத்ததே இல்லை. முறுக்கி வைத்தால் சரியாகிவிடும் என்றார். அவர் தடவித் தடவி முறுக்கினார். பட்டறைத் தெருவின் கோடியில் இருந்த சின்ன மேட்டில் ஏற்றிப் பார்த்தார்கள். வண்டி உருண்டது. இன்னும் முறுக்கினார். அப்போதும் உருண்டது.

சைனம்பு வண்டியை விட்டு இறங்கி, இடது பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். இரண்டு மூன்று மாதமாகவே கால் பிரேக்கை அழுத்தினால் வண்டி லேசாக வலப்பக்கம் இழுக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒருமுறை சொல்லியும் இருக்கிறாள். ஸ்டீயரிங்கை நீ சரியாகப் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதால், அவளும் அப்படித்தான் போல என்று விட்டுவிட்டாள். இடப்பக்கம் பிடிக்காததால்தான் வலப்பக்கம் இழுக்கிறதோ என்று இப்போது அந்தச் சக்கரத்தின் பிரேக் டிரம் ஓரத்தை மோந்து பார்த்தாள். கியர் ஆயில் வாசனை.

"கேபிள் இல்லீங்க," என்றாள். "உள்ள ஆயில் ஒழுவுது. லைனிங் ஊறிக் கீது. வழவழன்னு இருந்தா எங்கேந்து புடிக்கும்?"

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயிலை ஒழுகாமல் தடுக்கும் சீல் தன் கையால் மாட்டியது, போகாது என்றார். குரல் உயர்ந்தது. நான்கு வருஷம் ஓடியிருக்கிறது, ரப்பர்தானே என்றாள் அவள். நீ எத்தனை டிரம் கழற்றியிருக்கிறாய் என்று அவர் கேட்டார். ஒன்றும் கழற்றியதில்லை, இன்றைக்குக் கழற்றப் போகிறேன் என்று சொல்லி ஜாக்கியை எடுத்தாள்.

நட்டுகள் இறுகிப் போயிருந்தன. அவள் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதிக்க வேண்டியிருந்தது. டிரம் வரமாட்டேன் என்றது. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்த கிஃபாயத்துல்லா, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டு என்றார். டிரம் கழன்று அவள் மடியில் விழுந்தது. உள்ளே கையை விட்டார் அவர். விரலை வெளியே எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். கறுப்பாக எண்ணெய் பிசுபிசுத்தது.

"நீதான் கரெக்ட்டு," என்றார். "ஓட்டுறவளுக்குத்தானே தெரியும். நான் கேக்காம வுட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே வேலையில் இறங்கினார்கள். அஃப்தாப் செங்கல்பட்டு பஜாருக்கு பிரேக் ஷூக்களைக் கொண்டுபோய்ப் புது லைனிங் ரிவெட் அடித்து, புது சீலும் வாங்கி வந்தான். முந்தின நாள் பேசியதற்குப் பரிகாரமாகவோ என்னவோ, போக்குவரத்துக் காசைக்கூட வாங்கவில்லை. சைனம்பு டிரம்மைப் பெட்ரோல் விட்டுத் துடைத்தாள். சீலை உட்கார வைக்க மட்டும் கிஃபாயத்துல்லாவை விட்டாள். அதற்குக் கண் வேண்டாம். அவர் விரல்களே போதும். வலது சக்கரத்தையும் கழற்றி, அதற்கும் புதுசு போட்டார்கள். பிறகு அதே மேட்டில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு பேரும் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். வண்டி அசையவில்லை.

வியாழக்கிழமை கூட்டம் குறைவு. லக்ஷ்மிநாராயணன் அவளைப் பார்த்ததும் தலையசைத்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார், அவள் சொன்னாள். சக்கரத்தருகே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அதே ஏற்றம். நடுவில் நிறுத்தச் சொன்னார். அவள் பிரேக்கை இழுத்தாள், காலை எடுத்தாள்.

வண்டி நின்றது.

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு லாரிகள் சேர்ந்தன. நிற்கட்டும் என்றார் அவர். சைனம்பு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக நேரே பார்த்தபடி இருந்தாள். பஸ்ஸின் ஹாரன் அவளுக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது.

"இப்ப எடுங்க," என்றார் லக்ஷ்மிநாராயணன். அவள் கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொடுத்து, பிரேக்கை இறக்கினாள். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் மேலேறியது. பின்சீட்டில் கிஃபாயத்துல்லாவின் கால்கள் தரையை மிதிக்காமல் அமைதியாக இருந்தன.

கையெழுத்துப் போடும்போது இன்ஸ்பெக்டர், அடுத்த வருஷமும் நீங்கள்தான் கொண்டு வருவீர்களா என்று கேட்டார். ஆமாம் சார், நான்தான் வருவேன் என்றாள். பஜாரில் நிறுத்திப் பிரியாணி சாப்பிட்டார்கள். அங்கிருந்தே எஸ்.டி.டி. பூத்தில் வசுமதிக்குப் போன் செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, மல்லிகைச் சரங்கள் சுற்றிய லேண்ட்மாஸ்டர் கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்புகளைத் தாண்டித் திருவிடந்தைக்குப் போனது. பொண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் இருந்தார்கள், வசுமதி முன்னால். கிஃபாயத்துல்லா வேறு வண்டியில் பின்தொடர்ந்து வந்தார். அவள் வண்டி ஓட்டுவதை வெளியிலிருந்து பார்ப்பது அவருக்கு அதுதான் முதல்முறை. தெரிந்த மட்டில் ஒரு பச்சைத் தீற்றல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. இன்ஜின் சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்டது.

கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்த வருஷத்து வண்டி, இத்தனை வருஷம் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பெரியவர் கிஃபாயத்துல்லாவிடம் கேட்டார். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு நிறுத்திக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சைனம்புவின் பக்கம் கையைக் காட்டினார்.

"அவங்களக் கேளுங்க. வண்டி அவங்களுது."

சைனம்பு தலையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து, பானெட்டைத் திறந்தாள்.